விசாக்களுக்கு நடுவில் விழுந்த இடைவெளியும் பிரிட்டன் ஐஎல்ஆரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் ஐஎல்ஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வரும்போது, காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். ஆங்கிலத் தேர்வு, லைஃப் இன் தி யூகே தேர்வு, சம்பளச் சீட்டு எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் பழைய விசா முடிந்ததற்கும் புதிய விசா வந்ததற்கும் நடுவில் சில நாட்கள் இடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சில நாட்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. பொதுவான விதியை விளக்குவது வேறு, உங்கள் வழக்குக்கு ஆலோசனை சொல்வது வேறு. பிரிட்டனில் பதிவு பெறாத ஒருவர் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் கணக்கில் சிக்கல் இருப்பதாகத் தோன்றினால், சொலிசிட்டரிடமோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவரிடமோ போங்கள்.

ஐஎல்ஆருக்கு 5 வருஷம் இருந்தா போதுமா, இல்ல 10 வருஷமா?

இதுவரை நாம் பார்த்து வந்த பாதைகள் இரண்டு. ஸ்கில்டு வொர்க்கர் போன்ற வேலை விசாக்களில் 5 ஆண்டு தொடர்ந்து இருந்தால் கேட்கலாம். மாணவர், கிராஜுவேட், வேலை என்று பல விசாக்களில் மாறி மாறி இருந்தவர்கள், எல்லாவற்றையும் கூட்டி 10 ஆண்டு சட்டப்படி வசித்திருந்தால் நீண்டகால வசிப்பு என்ற பாதையில் கேட்கலாம்.

2025 மே மாதம் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, வழக்கமான 5 ஆண்டை 10 ஆண்டாக்க முன்மொழிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதற்கான கருத்துக்கேட்பும் தொடங்கியது. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் வாரத்தில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை அரசின் இணையதளத்தில் நேரே பார்த்துவிடுங்கள். ஆண்டு எத்தனை ஆனாலும், கீழே சொல்லும் இடைவெளிக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

இடைவெளின்னா சரியா என்ன? ரெண்டு வேலைக்கு நடுவுல சும்மா இருந்ததும் கேப்தானா?

இல்லை. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஹோம் ஆபிஸ், அதாவது விசாக்களை முடிவு செய்யும் பிரிட்டன் உள்துறை அமைச்சகம், பார்ப்பது ஒன்றே ஒன்று: குறிப்பிட்ட அந்த நாளில் நாட்டில் இருக்க உங்களுக்கு அனுமதி இருந்ததா? அனுமதி இல்லாமல் உள்ளே இருந்த நாட்கள்தான் இந்தப் பக்கத்தில் பேசும் இடைவெளி.

வேலை இல்லாத நாட்கள் வேறு கணக்கு, வெளிநாட்டில் கழித்த நாட்கள் இன்னொரு கணக்கு. மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தனித்தனியாகக் கீழே வருகின்றன.

விசா முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் அப்ளை பண்ணேன். முடிவு வர ரெண்டு மாசம் ஆச்சு. அந்த ரெண்டு மாசம் கேப்பா?

கேப் இல்லை. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு இதற்காகவே இருக்கிறது. நாட்டுக்குள் இருந்துகொண்டு, அனுமதி முடிவதற்குள் முறையாக விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதி அதே நிபந்தனைகளோடு தானாக நீளும். அதற்கென்று தனியாக ஒரு கடிதமோ அட்டையோ வராது என்பதால் பலர் பயந்துபோகிறார்கள். பயப்பட வேண்டாம்.

ஆன்லைன் படிவத்தைச் சமர்ப்பித்துக் கட்டணத்தைச் செலுத்திய தேதிதான் விண்ணப்பத் தேதி. கைரேகைக்கான நாள் விசா முடிந்த பிறகு அமைந்தாலும் பரவாயில்லை. ஆனால் படிவத்தைப் பாதி நிரப்பிச் சேமித்து வைத்திருந்தால் அது விண்ணப்பமே ஆகாது. கைரேகை கொடுக்காமல் விட்டாலும் விண்ணப்பம் செல்லாது என்று ஒதுக்கப்படலாம். அப்போது 3சி பாதுகாப்பும் கிடைக்காது.

அந்த 3சி காலம் 5 வருஷக் கணக்குல சேருமா?

எந்த அனுமதி நீண்டதோ அதன் குணம்தான் அந்த நாட்களுக்கும். ஸ்கில்டு வொர்க்கர் அனுமதி முடிந்து, நீட்டிப்புக்குக் காத்திருந்தால் அந்த நாட்களும் ஸ்கில்டு வொர்க்கர் நாட்கள்தான், சேரும். கிராஜுவேட் விசா முடிந்து, ஸ்கில்டு வொர்க்கருக்குக் காத்திருந்தால் அந்த நாட்கள் கிராஜுவேட் நாட்கள். 5 ஆண்டில் சேராது, 10 ஆண்டில் சேரும்.

நான் விசா முடிஞ்சு 7 நாள் கழிச்சுத்தான் அப்ளை பண்ணேன். ஆனா விசா கிடைச்சிடுச்சு. இப்போ 5 வருஷம் முதல்லருந்து எண்ணணுமா?

பெரும்பாலும் வேண்டாம். அனுமதி முடிந்து 14 நாளுக்குள் விண்ணப்பித்து, தாமதத்துக்கு உங்கள் கையில் இல்லாத நல்ல காரணம் இருந்தது என்று ஏற்றுக்கொண்டு விசா கொடுத்திருந்தால், தொடர்ச்சி முறியாது. பல ஆண்டுகளாக 39இ என்ற எண்ணால் பேசப்பட்ட சலுகை இதுதான். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, நெருங்கிய உறவின் இழப்பு, கல்லூரி உரிய கடிதத்தைத் தராமல் இழுத்தடித்தது போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள். மறந்துவிட்டேன், வேலை அதிகம் என்பவை போதாது.

ஆனால் தொடர்ச்சி முறியவில்லை என்பதற்கு, அந்த நாட்கள் கணக்கில் சேரும் என்று பொருள் இல்லை. இடைவெளி நாட்களைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். அந்த இடைவெளி 7 நாளும் இல்லை! தாமதமாகப் போட்ட விண்ணப்பத்துக்கு 3சி கிடையாது என்பதால், பழைய அனுமதி முடிந்ததிலிருந்து புதிய அனுமதி கிடைத்த நாள் வரை முழுதும் இடைவெளிதான்.

ஓர் உதாரணம். உங்கள் 5 ஆண்டுக் கணக்கு 2020 ஜூன் 15 அன்று தொடங்கியது. 2023 மார்ச் 10 அன்று விசா முடிந்தது. மார்ச் 17 அன்று விண்ணப்பித்தீர்கள், மே 2 அன்று கிடைத்தது. நடுவில் அனுமதி இல்லாத நாட்கள் 52. ஆகவே 5 ஆண்டு நிறைவது 2025 ஜூன் 15 அன்று இல்லை, ஆகஸ்ட் 6 அன்று. ‘ஏழே நாள்தானே’ என்று ஜூனிலேயே விண்ணப்பித்தால் நிராகரிப்பு வரலாம். 2025 ஏப்ரலில் கட்டணம் ஒருவருக்கு 3,029 பவுண்ட் ஆக இருந்தது. நிராகரித்தால் அது திரும்ப வராது. நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வயிறு கலங்கும். அதனால்தான் நாள் கணக்கை விரல்விட்டு எண்ணச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறேன்.

அந்த இடைவெளியில நான் வேலைக்குப் போயிட்டுத்தான் இருந்தேன். பிரச்சினையா?

ஆம், இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 3சி காலத்தில் பழைய நிபந்தனைப்படி வேலை செய்யலாம். 3சி இல்லாத இடைவெளியில் வேலை செய்ய உரிமையே இல்லை. முதலாளிக்கும் ஆபத்து: 2024 பிப்ரவரியிலிருந்து, முதல் முறை பிடிபட்டால் ஒரு தொழிலாளிக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம்.

நடந்துவிட்டது என்றால் மறைக்கப் பார்க்காதீர்கள். சம்பள விவரம் வரித்துறையிடம் ஏற்கெனவே இருக்கும். விண்ணப்பத்தில் பொய் சொன்னது தெரிந்தால் வெறும் நிராகரிப்போடு நிற்காது, 10 ஆண்டு வரை தடை வரும். இந்த ஒரு கேள்விக்காகவாவது வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுப்பது தகும்.

28 நாள்னு ஒருத்தர் சொல்றார், 30 நாள்னு ஒருத்தர் சொல்றார், நீங்க 14-ங்கறீங்க. எது சரி?

மூன்றும் சரி, இடம்தான் வேறு. தாமத விண்ணப்பத்துக்கான சலுகை முன்பு 28 நாளாக இருந்தது. 2016 நவம்பர் 24 முதல் அது 14 நாளாகக் குறைந்தது. அந்தத் தேதிக்கு முன் விழுந்த பழைய இடைவெளியைப் பழைய 28 நாள் விதிப்படியே பார்ப்பார்கள். 10 ஆண்டுக் கணக்கு தொடங்கி வெகுகாலம் ஆனவர்களுக்கு இது உதவும்.

இன்னொரு 28 நாளும் உண்டு. தகுதிக் காலம் நிறைவதற்கு 28 நாள் முன்பே ஐஎல்ஆருக்கு விண்ணப்பிக்கலாம். மேலே சொன்ன உதாரணத்தில் அது 2025 ஜூலை 9.

30 நாள் என்பது மறுநுழைவுத் தடையைப் பற்றியது. விசா முடிந்து 30 நாளுக்குள் சொந்தச் செலவில் தானாகவே வெளியேறியவருக்கு அதற்காகத் தடை விதிக்க மாட்டார்கள். அதனால் தொடர்ச்சி முறியாது என்று நினைத்து இருந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எந்த விதியும் இல்லை.

விண்ணப்பம் ரிஜெக்ட் ஆயிடுச்சு. அன்னைக்கே கேப் ஆரம்பிச்சிடுமா?

நீங்கள் உரிய காலத்தில் விண்ணப்பித்து 3சியில் இருந்தால், அன்றைக்கே ஆரம்பிக்காது. நிர்வாக மறுஆய்வு கேட்கவோ மேல்முறையீடு செய்யவோ உரிமை இருந்தால், அதற்கான 14 நாள் அவகாசம் முடியும்வரை 3சி தொடரும். கேட்டுவிட்டால் அது முடியும்வரை தொடரும்.

அதுவும் முடிந்த பிறகு, 14 நாளுக்குள் புதிய விண்ணப்பம் போட்டு அது வெற்றி பெற்றால், தொடர்ச்சி முறியாது. இடைப்பட்ட நாட்களைக் கழிக்கும் முறை மேலே 7 நாள் கேள்வியில் சொன்னதுதான். ஆனால் 3சியில் இருக்கும்போது புதிதாக வேறொரு விண்ணப்பம் போட முடியாது. முடிவு வராத விண்ணப்பத்தை மாற்றத்தான் முடியும். இது பின்னால் ஒரு கேள்விக்குப் பயன்படும்.

கம்பெனி லைசன்ஸ் போயிடுச்சு, வேலையும் போச்சு. 60 நாள் கொடுத்திருக்காங்க. என் 5 வருஷம் அவ்வளவுதானா?

இல்லை. வேலை போன நாளோடு அனுமதி போய்விடாது. ஸ்பான்சர், அதாவது உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, 10 வேலை நாளுக்குள் ஹோம் ஆபிஸுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு ஹோம் ஆபிஸ் வழக்கமாக உங்கள் அனுமதியை 60 நாளாகச் சுருக்கிக் கடிதம் அனுப்பும். விசாவில் அதைவிடக் குறைவான நாள்தான் மிச்சம் என்றால், அந்த நாள் வரைதான். அந்தக் கடிதத்தில் உள்ள கடைசி நாள்தான் உங்கள் புதிய முடிவுத் தேதி. அதற்குள் புதிய ஸ்பான்சர் சிஓஎஸ் என்ற ஸ்பான்சர் சான்றிதழைக் கொடுத்து நீங்கள் விண்ணப்பித்துவிட்டால் இடைவெளியே இல்லை. சம்பளம் இல்லாமல் வேலை தேடிய நாட்களும் அனுமதி இருந்த நாட்களே.

கடிதம் பழைய மின்னஞ்சலுக்கோ, நீங்கள் விட்டுவந்த முகவரிக்கோ போய்ச் சேர்ந்து, 60 நாள் ஓடிக்கொண்டிருப்பதே தெரியாமல் இருந்தவர்களை அறிவேன். வேலை போன அன்றே யூகேவிஐ (ஹோம் ஆபிஸின் விசாப் பிரிவு) இணையக் கணக்கில் மின்னஞ்சல், கைபேசி எண், முகவரி மூன்றையும் சரிபாருங்கள். சிஓஎஸ் எண் இல்லாமல் ஸ்கில்டு வொர்க்கர் விண்ணப்பம் செல்லாது. ஆகவே புதிய முதலாளியிடம் சம்பளத்தைவிட முதலில் கேட்க வேண்டியது, சிஓஎஸ் எந்தத் தேதியில் கையில் கிடைக்கும் என்பதைத்தான். புதிய வேலையை அனுமதி வந்த பிறகே தொடங்கலாம்.

என் பிஆர்பி கார்டு 2024 டிசம்பர் 31-லயே முடிஞ்சிடுச்சு, புது விசா 2025 ஆகஸ்ட்லதான் வாங்கினேன். எட்டு மாச கேப் விழுந்திடுச்சா?

பயத்தோடு வந்த கேள்விகளில் நிம்மதியோடு திருப்பி அனுப்ப முடிந்தது இது ஒன்றுதான். பிஆர்பி என்பது வசிப்பு அனுமதியைக் காட்டும் அட்டை. அட்டையின் தேதியும் அனுமதியின் தேதியும் வேறு. இ-விசாவுக்கு மாறுவதற்காக, பல அட்டைகளில் 2024 டிசம்பர் 31 என்றே அச்சிட்டிருந்தார்கள். உங்கள் அனுமதி எப்போது முடிகிறது என்பது, விசா கிடைத்தபோது வந்த முடிவுக் கடிதத்திலும் யூகேவிஐ கணக்கிலும் இருக்கும். அதில் 2025 ஆகஸ்ட் வரை இருந்து, அதற்குள் விண்ணப்பித்திருந்தால் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.

விசா ஊர்ல போய்த்தான் எடுத்தேன். பழசு முடிஞ்சு புதுசு வர வரைக்கும் நாட்டுலயே இல்ல. அது?

அனுமதி இருக்கும்போதே வெளியேறி, அது முடிவதற்குள்ளோ முடிந்து 14 நாளுக்குள்ளோ வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்து, விசா கிடைத்திருந்தால் தொடர்ச்சி முறியாது. ஆனால் வெளியே இருந்த நாட்கள் 180 நாள் கணக்கில் ஏறும். எந்த 12 மாதத்தை எடுத்தாலும் வெளியே இருந்தது 180 நாளைத் தாண்டக் கூடாது என்பதுதான் அந்தக் கணக்கு. அனுமதி இல்லாத அந்த நாட்களைக் கழித்துவிட்டுத் தேதி குறிப்பது பாதுகாப்பு.

எந்த 12 மாதத்தை எடுத்தாலும் என்பதைக் கவனியுங்கள். 2022 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள், 2023 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120 நாள் என்றால், ஆண்டுவாரியாகப் பார்க்கும்போது இரண்டுமே 180க்குள் இருக்கும். சேர்த்தால் 212, முறிந்துவிட்டது. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் இதில் சேராது, முழு நாட்கள் மட்டும். உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ கடும் நோய், போர், இயற்கைப் பேரிடர் போன்றவற்றால் தாண்டியிருந்தால் ஆதாரத்தோடு விலக்கு கேட்கலாம். 2018 ஜனவரி 11க்கு முன் கிடைத்த விசாக்களுக்கும், 10 ஆண்டுப் பாதையில் 2024 ஏப்ரல் 11க்கு முந்தைய காலத்துக்கும் கணக்கு வேறு மாதிரி.

நீட்டிப்புக்குப் போட்டுக் காத்திருக்கேன், அம்மாவுக்கு உடம்பு முடியல. போயிட்டு வரலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு மிகவும் கடினம். முடிவு வருமுன் பிரிட்டன், அயர்லாந்து, சேனல் தீவுகள், மான் தீவு அடங்கிய பொதுப் பயணப் பகுதியை விட்டு வெளியே போனால், விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். பழைய விசா முடிந்து 3சியில் இருப்பவர் நாட்டைவிட்டுப் போனால், அந்த அனுமதியும் அன்றோடு போய்விடும்.

அம்மாவைப் பார்க்காமல் இரு என்று யாரும் சொல்ல முடியாது. போவதென்றால், விமானம் ஏறுமுன் ஒரு வழக்கறிஞரோடு அரை மணி நேரமாவது பேசுங்கள். ஊரிலிருந்தே புதிய வேலை விசாவுக்கு உடனே விண்ணப்பித்து, முந்தைய கேள்வியில் சொன்ன 14 நாள் விதியால் தொடர்ச்சியைக் காக்க முடியுமா என்பதை அவரிடம் கேளுங்கள். முதலாளியிடம் சிஓஎஸ் பற்றியும் கிளம்புமுன்பே பேசி வையுங்கள்.

டிபெண்டன்ட்டா 3 வருஷம், அப்புறம் என் பேர்லயே ஸ்கில்டு வொர்க்கர் 2 வருஷம். நடுவுல ஒரு நாள் கூட கேப் இல்ல. 5 வருஷம் ஆச்சே?

இடைவெளி இல்லை, ஆனாலும் ஆகவில்லை. துணையாக இருந்த காலம் ஸ்கில்டு வொர்க்கரின் 5 ஆண்டில் சேராது. மாணவர், கிராஜுவேட் காலமும் அப்படித்தான். பழைய டியர் 2 ஜெனரல், குளோபல் டேலன்ட் போன்ற சில விசாக்களின் காலம் மட்டும் சேரும். குடும்பத்தில் யார் பெயரில் விசாவை மாற்றுவது என்று யோசிக்கும்போது இதையும் வைத்து முடிவெடுங்கள்.

10 ஆண்டுப் பாதையில் இவை எல்லாம் சேரும். விசிட்டர், குறுகிய கால மாணவர், பருவகாலத் தொழிலாளர் விசாக்கள் அங்கும் சேராது. 2024 ஏப்ரல் 11 முதல், விண்ணப்பிக்கும்போது கையில் இருக்கும் அனுமதி கிடைத்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பே கிடைத்த அனுமதிக்கு இந்த நிபந்தனை இல்லை.

கேப்புக்கு அப்புறம் ரெண்டு தடவை விசா கொடுத்துட்டாங்க. அப்போ மன்னிச்சிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. நீட்டிப்பின்போது அந்த நேரத் தகுதியைத்தான் முக்கியமாகப் பார்த்திருப்பார்கள். ஐஎல்ஆரில் முழுக் காலத்தையும் திரும்பப் புரட்டுவார்கள். 14 நாளுக்குள் விண்ணப்பித்து, காரணமும் ஏற்கப்பட்ட இடைவெளி என்றால் தொடர்ச்சி முறியாது. அதைத் தாண்டியது என்றால், நடுவில் எத்தனை விசா வாங்கியிருந்தாலும், கணக்கு அந்த இடைவெளிக்குப் பிறகுதான் தொடங்கும்.

பழைய கடிதங்கள் கையில் இல்லையென்றால், உங்களைப் பற்றி ஹோம் ஆபிஸ் வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்டு வாங்கலாம். கட்டணம் கிடையாது. எந்த விண்ணப்பம் எந்தத் தேதியில் போனது, எப்போது முடிவானது என்பது அதில் இருக்கும். ஐஎல்ஆருக்குச் சில மாதங்கள் முன்பே கேட்டுவிடுங்கள். பத்து வருடம் கழித்து நம் ஞாபகத்தை நம்பித் தேதி எழுதுவது ஆபத்து.

இடைவெளி நாளைக் கழிச்சா 5 வருஷம் முடிய இன்னும் 40 நாள் இருக்கு. விசா 10 நாள்ல முடியுது. என்ன செய்யறது?

40 நாள் மிச்சம் இருக்கும்போது ஐஎல்ஆர் போட முடியாது, 28 நாள்தான் முன்கூட்டிப் போகலாம். விசாவை முடியவிட்டுக் காத்திருப்பது அதைவிட மோசம். வழக்கமான வழி, விசா முடிவதற்குள் வேலை விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பது. 3சி கிடைக்கும், நாட்களும் சேரும். நீட்டிப்பு கிடைத்துவிட்டால், உரிய நாளில் நிதானமாக ஐஎல்ஆர் போடலாம்.

முடிவு வருமுன்பே அந்த 28 நாள் எல்லைக்குள் வந்துவிட்டால், நிலுவையில் இருக்கும் நீட்டிப்பு விண்ணப்பத்தை ஐஎல்ஆர் விண்ணப்பமாக மாற்றவும் வழி இருக்கிறது. நீட்டிப்புக்கு முடிவு வந்திருக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். செலவு கூடும், மனசு கேட்காது. ஆனாலும் விசா முடியும் தேதிக்கு 3 மாதம் முன்பே முதலாளியிடம் பேசி, நீட்டிப்புக்கான சிஓஎஸ்ஸைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

14 நாளைத் தாண்டிடுச்சு, காரணமும் சரியா இல்ல. வேற வழியே இல்லையா?

வேலைப் பாதையில், பெரும்பாலும் புதிதாகத்தான் எண்ண வேண்டும். பிரிட்டிஷ் குடிமகன் அல்லது குடிமகளோடு குடும்பம், இங்கேயே வளர்ந்த குழந்தை என்று இருந்தால் வேறு பாதைகள் திறக்கலாம். அனுமதி இல்லாத காலத்தையும் சேர்த்து எண்ணும் 20 ஆண்டுத் தனிவாழ்க்கைப் பாதையும் ஒன்று உண்டு. அதில் கிடைப்பது முதலில் தற்காலிக அனுமதிதான், நிரந்தரத்துக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆகும்.

இந்த நிலையில் இருப்பவர்களைத்தான் ‘உள்ளே ஆள் இருக்கிறது, சரி செய்துவிடலாம்’ என்று சொல்பவர்கள் தேடி வருகிறார்கள். ஒரு பவுண்ட்கூடக் கொடுக்காதீர்கள். பக்கத்து ஊரில் லா சென்டர் இருக்கிறதா, சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகம் எங்கே என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற ஆலோசகரின் பெயரை ஆணையத்தின் பட்டியலில் நீங்களே தேடிச் சரிபார்த்த பிறகு, காகிதங்களோடு போய் உட்காருங்கள்.